காட்சி இல்லாத நாளின் செலவு: பிரான்சில் ஊர் ஊராகப் போகும் சர்க்கஸும் அரசுப் பணமும்

400 பேர் உட்காரும் சர்க்கஸ் கூடாரம் ஓர் ஊரில் வந்து இறங்கியதும் லாரியிலிருந்து முதலில் வெளியே வருவது அளவு நாடா. மைதானத்தின் நடுப்புள்ளியைக் குறித்து, அங்கிருந்து நாடாவை இழுத்து வட்டம் போட்டு, முளை இறங்க வேண்டிய இடங்களிலெல்லாம் பெயின்ட்டால் புள்ளி வைக்கிறார்கள். 1 மீட்டர் நீளத்துக்கு இரும்பு முளைகள், ஐம்பது அறுபதுக்குக் குறையாது. ஒவ்வொன்றையும் இயந்திரச் சம்மட்டி மண்ணுக்குள் இறக்க வேண்டும். புள்ளி வைத்த இடத்துக்கு அடியில் எரிவாயுக் குழாய் போகிறதா, மின்கம்பி போகிறதா என்று அந்தந்த நிறுவனங்களிடம் முன்பே கேட்டு எழுத்தில் பதில் வாங்கியிருக்க வேண்டும். பதில் கையில் இல்லாவிட்டால் முளை இறங்காது. வந்த பத்துப் பேரும் நிற்கிறார்கள். அன்றைக்கும் சம்பளம் உண்டு, சாப்பாடு உண்டு, தங்கும் செலவு உண்டு. டிக்கெட் வரவு மட்டும் இல்லை.

பிரான்சில் சமகாலச் சர்க்கஸுக்குப் போகும் அரசுப் பணத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், புதிய படைப்புக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறோம். எங்கள் கேள்வி வேறு. முளை அடிக்கும் நாள், கூடாரத்தைப் பிரிக்கும் நாள், லாரி ஓடும் நாள், மழைக்காக ஒதுங்கி நிற்கும் நாள் ஆகியவற்றுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? பயணக் குழு பிழைப்பதும் கலைவதும் அந்த நாள்களில்தான். அதனால் இந்தக் கட்டுரை அந்தக் கணக்கையே பின்தொடரும்.

பின்னணி கொஞ்சம் வேண்டும். பிரான்சில் 1978 வரை சர்க்கஸ் வேளாண் அமைச்சகத்தின் பொறுப்பில் இருந்தது. விலங்குகள் இருந்ததால் அப்படி. அந்த ஆண்டு பண்பாட்டு அமைச்சகத்துக்கு மாறியது. அதற்கு முன்பே, 1974-இல், ஆனி ஃப்ராத்தெல்லினியும் பியேர் எத்தெக்ஸும் ஒரு பள்ளியும், அலெக்ஸி க்ரூஸும் சில்வியா மோன்ஃபோரும் இன்னொரு பள்ளியும் திறந்திருந்தார்கள். சர்க்கஸ் குடும்பத்தில் பிறக்காத ஒருவரும் வித்தை கற்கலாம் என்ற வழி அங்கே திறந்தது. 1985-இல் ஷாலோன் நகரில், 1899-இல் கட்டிய பழைய சர்க்கஸ் கட்டடத்தை மையமாக வைத்து, அரசே தேசியச் சர்க்கஸ் கலை மையத்தை நிறுவியது. 2001 கோடையிலிருந்து 2002 கோடை வரை அரசு சர்க்கஸ் கலை ஆண்டாக அறிவித்தது. 2010-இல் ‘தேசியச் சர்க்கஸ் மையம்’ என்ற முத்திரை வந்தது. ஓஷ், ஷெர்பூர், எல்பெஃப், அலெஸ், நெக்ஸோன், அந்தோனி, அமியேன், லானியோன் என்று பெரும்பாலும் தலைநகருக்கு வெளியே இருக்கும் ஊர்களில் இன்று அந்த முத்திரை பெற்ற இடங்கள் உள்ளன. இவை குழுக்களுக்குப் பயிற்சி இடம் தருகின்றன, படைப்பில் பணம் போடுகின்றன, காட்சிகளை வாங்குகின்றன.

இவற்றைத் தவிர நாடகம், நடனம், இசை, சர்க்கஸ் எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் வைக்கும் பல்துறை அரங்குகள் இருக்கின்றன. ‘தேசிய அரங்கு’ என்ற முத்திரையோடு எழுபதுக்கு மேல். நகராட்சி அரங்குகள் எத்தனையோ. ஒரு குழுவின் பயணத்தில் பாதிக்கு மேல் இந்தப் பல்துறை அரங்குகளில்தான் நடக்கும். அங்கே சர்க்கஸுக்கு ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று இடம் ஒதுக்கினாலே அதிகம்.

இனி பணம். அது பல வாய்க்கால் வழியாக வருகிறது. மத்திய அரசின் பண்பாட்டு அமைச்சகம் மண்டலந்தோறும் வைத்திருக்கும் பண்பாட்டு இயக்குநரகத்தை எல்லோரும் ‘திராக்’ என்கிறார்கள். தனிப் படைப்புக்கு ஒருமுறை உதவி, சில ஆண்டுகளுக்கான ஒப்பந்த உதவி இரண்டும் அங்கிருந்து வரும். மண்டல அரசு, மாவட்ட அரசு, நகராட்சி மூன்றும் தனித்தனியே கொடுக்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கூடாரத்தோடு பயணிக்கும் குழுக்களுக்கென்று அமைச்சகம் ‘பயண உதவி’ ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறது. கூடாரம் வைத்திருப்பதாலும் நகர்த்துவதாலும் வரும் கூடுதல் செலவுக்கானது அது. 1975-இல் தொடங்கிய ‘ஓந்தா’ என்ற தேசியப் பரவல் அலுவலகம் அரங்குகளுக்கு நட்ட உத்தரவாதம் தருகிறது: துணிச்சலான ஒரு படைப்பை வாங்கி நட்டம் வந்தால் அதில் ஒரு பங்கை ஏற்கும். இதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ஓந்தாவிடம் விண்ணப்பிக்க வேண்டியது அரங்கு, குழு அல்ல. குழு செய்யக்கூடியது அரங்கு நிர்வாகியிடம் வரவு செலவை உரிய காலத்தில் கொடுத்து, கேட்கச் சொல்லி நினைவூட்டுவது மட்டுமே. அதைச் செய்யாமல் விட்டதாலேயே கைவிட்டுப் போன காட்சிகள் நிறைய.

எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்கும் எண்ணைப் பிரெஞ்சில் ‘கூ ப்ளாத்தோ’ என்பார்கள். மேடைச் செலவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு காட்சியை ஒருநாள் நிகழ்த்த, மேடையில் இருப்பவர்களுக்கும் ஒளி, ஒலி, கூடாரம் பார்ப்பவர்களுக்கும் ஆகும் சம்பளம், அதன் மேல் முதலாளி கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்புத் தொகை, அன்று தீர்ந்துபோகும் பொருள்கள். அலுவலகச் செலவு, கூடாரத்தின் தேய்மானம், படைப்புக் காலத்தின் கடன் எதுவும் இதில் சேராது. அரங்கு குழுவுக்குத் தரும் விலை இதைவிடக் கூடுதலாக இருந்தால்தான் அவற்றுக்கு ஏதாவது மிஞ்சும். போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு மூன்றும் அரங்கின் கணக்கில் தனியாக வரும். விற்பனை ஒப்பந்தத்தில் இதைத் தனி வரியாக எழுத வேண்டும். மொத்தமாக ஒரே விலை பேசிவிட்டால் டீசல் விலை ஏறும்போது குழுவின் வயிற்றில்தான் அடி விழும்.

கூடாரத்தில் இந்த எண் எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 வித்தைக் கலைஞர்கள், 3 தொழில்நுட்பர்கள், 1 பயண மேலாளர்: மொத்தம் 10 பேர். ஓர் ஊரில் 2 காட்சி என்றால் 1 நாள் பயணம், 2 நாள் கூடாரம் அடிக்க, 2 நாள் காட்சி, 1 நாள் பிரிக்க: 6 நாள். அதாவது 60 ஆள்-நாள். ஒரு காட்சிக்கு 30. அதே ஊரில் 6 காட்சி என்றால் 1 நாள் பயணம், 2 நாள் அடிக்க, 6 நாள் காட்சி, 1 நாள் வார ஓய்வு, 1 நாள் பிரிக்க: 11 நாள், 110 ஆள்-நாள், ஒரு காட்சிக்குப் பதினெட்டுச் சொச்சம். 12 காட்சி என்றால் ஓய்வு 2 நாள் ஆகும். மொத்தம் 18 நாள், 180 ஆள்-நாள். ஒரு காட்சிக்கு 15.

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 300 யூரோ என்று வைத்தால் (குழுவுக்குக் குழு மாறும், கணக்குக்காக வைத்திருக்கிறோம்) 2 காட்சிக்குச் சம்பளம் மட்டுமே காட்சி ஒன்றுக்கு 9,000 யூரோ. 6 காட்சிக்கு 5,500. 12 காட்சிக்கு 4,500. இப்போது வரவைப் பாருங்கள். 400 இருக்கையும் நிறைந்து, டிக்கெட் 15 யூரோ என்றால் ஒரு காட்சிக்கு 6,000. இரண்டே காட்சிக்கு வந்த குழு, கூடாரம் நிரம்பி வழிந்தாலும் சம்பளத்தைக்கூட எடுக்காது. 6 காட்சியில் சம்பளம் போகக் கையில் நிற்பது காட்சிக்கு 500. லாரி, டீசல், காப்பீடு, படைப்பாளி உரிமைத்தொகை எதையும் இன்னும் கழிக்கவில்லை. பொது அரங்குகளின் டிக்கெட் விலையோ பெரும்பாலும் இதைவிடக் குறைவு. பள்ளி மாணவர்கள், வேலையில்லாதவர்கள், முதியவர்கள் என்று சலுகை போனால் இன்னும் இறங்கும்.

‘நல்ல படைப்பு தன் காலில் நிற்கும்’ என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காட்ட வேண்டும். கூட்டம் வராததால் வரும் பற்றாக்குறை இல்லை இது. வட்டத்தைச் சுற்றி உட்காரக்கூடியவர்களின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. முளை அடிக்கும் நேரம் எத்தனை பேர் வந்தாலும் மாறாது.

கணக்கு இன்னொன்றும் சொல்கிறது. 2 காட்சியிலிருந்து 6 காட்சிக்குப் போனால் காட்சி ஒன்றுக்கு ஏறக்குறைய 12 ஆள்-நாள் மிச்சம். ஆறிலிருந்து பன்னிரண்டுக்குப் போனால் 3 ஆள்-நாள்தான். 12 காட்சிக்கு 4,800 பேர் வேண்டும். 6,000 பேர் வாழும் ஊரில் அது நடக்காது. ஆகவே ஐந்தாறு காட்சி, அடுத்த ஊர் 60, 70 கிலோமீட்டருக்குள் என்பதே சரியான வடிவம் என்பது எங்கள் கருத்து. அதற்கு ஒரு மண்டலத்தின் மூன்று நான்கு அரங்குகள் ஒன்றாக உட்கார்ந்து, ஒரே குழுவை அடுத்தடுத்த வாரங்களில் வாங்க ஒத்துக்கொள்ள வேண்டும். நார்மண்டியில் ஷெர்பூரும் எல்பெஃபும் சேர்ந்து ஆண்டுதோறும் மார்ச்சில் நடத்தும் ‘ஸ்ப்ரிங்’ விழா மண்டலம் முழுக்கப் பல அரங்குகளோடு காட்சிகளைப் பகிர்ந்து வைக்கிறது. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் வெற்று நாள் குறைகிறது. அரசுப் பணத்தை இந்தக் கூட்டு வாங்குதலுக்குக் கொடுத்தால் ஒவ்வொரு யூரோவும் கூடுதல் தூரம் போகும்.

விலைக் குறைப்பில் கவனம் வேண்டும். முதல் காட்சிக்கு ஒரு விலை, இரண்டாவதற்குக் கொஞ்சம் குறைவு, மூன்றாவதிலிருந்து இன்னும் குறைவு என்பது வழக்கம். முதல் காட்சியின் விலைக்குள் அடிக்கும் நாளும் பிரிக்கும் நாளும் அடங்கியிருந்தால் அடுத்தவற்றைக் குறைப்பதில் தப்பில்லை. எத்தனையாவது காட்சியானாலும் மேடைச் செலவுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் ஒவ்வொரு காட்சியும் நட்டத்தைக் கூட்டும். அந்த நட்டத்தை ஒப்பந்த உதவி மூடிக்கொண்டே இருக்கும். மூன்றாண்டு கழித்து உதவி நின்றதும் குழுவும் நின்றுவிடும்.

பிரான்சின் பயணச் சர்க்கஸைத் தாங்கும் பெரிய தூண் எந்த மானியப் பட்டியலிலும் இல்லை. இடைவிட்டு வேலை செய்யும் கலைஞர்களுக்கும் தொழில்நுட்பர்களுக்குமான வேலையின்மைக் காப்பீடு அது. அந்தக் காப்பீட்டு விதிகளின் பத்தாவது இணைப்பு கலைஞருக்கு, எட்டாவது இணைப்பு தொழில்நுட்பருக்கு. 12 மாதத்தில் 507 மணி நேர வேலை காட்டினால் வேலையில்லாத நாள்களுக்குப் படி கிடைக்கும். கலைஞருக்குக் காட்சிக்கூலியாகத் தரும் ஒரு ‘கஷே’ 12 மணி நேரமாகக் கணக்கிடப்படும். ஆக 43 கஷே வேண்டும். கயிற்றில் ஏறுபவர், ஊஞ்சலில் பறப்பவர், தோளில் ஆளைத் தாங்குபவர் எல்லோரும் அன்றாடம் பயிற்சி செய்தே ஆக வேண்டும். அந்தப் பயிற்சிக்கு எந்த அரங்கும் கூலி தருவதில்லை. அந்த நாள்களைத் தாங்குவது இந்தக் காப்பீடுதான். இதைக் குறைக்கும் பேச்சு எழும்போதெல்லாம் சர்க்கஸ்காரர்கள் தெருவுக்கு வருவதற்குக் காரணம் இதுவே.

கூடாரக் குழுக்களில் கலைஞர்களே கூடாரமும் அடிக்கிறார்கள். அந்த நாளை என்ன ஒப்பந்தத்தில் எழுதுவது? கஷேயில் எழுதுவது தவறு. முளை அடிப்பது நிகழ்த்துவது ஆகாது. அதே ஆளோடு தொழில்நுட்பர் ஒப்பந்தம் ஒன்று போட்டு, மணிக்கணக்கில் சம்பளம் தர வேண்டும். இரண்டு இணைப்பின் மணிகளும் 507-இல் சேரும் என்பதால் கலைஞருக்கு நட்டமில்லை. ஒப்பந்தம் இல்லாமல் ‘எல்லோரும் கை கொடுப்போம்’ என்று விட்டுவிட்டால், கம்பம் சரிந்து ஒருவர் கால் முறியும் அன்று வேலை விபத்தாக அதை நிரூபிக்க வழியில்லாமல் போகும். இரவு 11 மணிக்குக் காட்சி முடிந்து, அதே ஆட்கள் விடிய விடியக் கூடாரத்தைப் பிரித்து, காலையில் லாரி ஓட்டுவதும் பழைய வழக்கம். இரண்டு வேலை நாளுக்கு இடையில் 11 மணி நேர ஓய்வு என்பது பொது விதி. அந்த ஓய்வைக் கணக்கில் வைத்தால் பிரிக்கும் வேலை மறுநாளுக்குத் தள்ளும். ஒரு வெற்று நாள் கூடும். அதை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

மைதானத்துக்குத் திரும்புவோம், பெரும்பாலான பயணங்கள் கெட்டுப்போவது அங்கேதான். அரங்கு வாங்கிவிட்டது, நகராட்சி இடம் தந்துவிட்டது என்று மின்னஞ்சலில் வந்த பிறகும் நேரில் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். தரை சாய்வு எவ்வளவு? புல்தரையா, சரளையா, தார்த் தரையா? தார் என்றால் முளை போட்ட ஓட்டைகளை யார் அடைத்துத் தருவது? தாரில் முளை அடிக்கவே கூடாது என்றால் கான்கிரீட் கட்டைகளால் பாரம் வைக்க வேண்டும். டன் கணக்கில் கட்டை, அதை இறக்க ஃபோர்க்லிஃப்ட், அதற்கு ஓட்டுநர்: எல்லாம் அரங்கின் செலவா, குழுவின் செலவா? மழை பெய்தால் லாரி புதையுமா, புதைந்தால் விரிக்க இரும்புப் பலகை யாரிடம் உண்டு? முளை மண்ணைப் பிடிக்கிறதா என்று இழுவிசை மானியால் இழுத்துப் பார்க்க வேண்டும். மணலும் ஈரக் களியும் வெளித்தோற்றத்தில் ஏமாற்றும். பாதை 3.5 மீட்டர் அகலம் இல்லாவிட்டால் தீயணைப்பு வண்டி வராது. கூடாரத்தின் சுற்றளவில் பாதிக்காவது 3 மீட்டர் வழி திறந்திருக்க வேண்டும்.

மின்சாரம் இன்னொரு தொல்லை. ‘இருக்கிறது’ என்ற பதிலை நம்ப வேண்டாம். மும்முனை இணைப்பா, எத்தனை ஆம்பியர், எந்த வடிவச் சாக்கெட், மைதானத்தின் எந்த மூலையில் என்று நான்கையும் எழுத்தில் வாங்க வேண்டும். பெட்டி 80 மீட்டர் தள்ளி இருந்தால் அந்த நீளத்துக்குத் தடித்த கேபிள் வாடகைக்கு எடுக்க வேண்டிவரும். குளிர்காலத்தில் வெப்பக்காற்று இயந்திரம் காட்சிக்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே ஓடத் தொடங்கும். அந்த இயந்திரம் குடிக்கும் எண்ணெயை அரங்கு தருகிறதா என்பதை ஒப்பந்தத்தில் எழுத மறந்த குழு பிப்ரவரியில் அழும். தண்ணீர், கழிவுநீர், குழுவினர் வாழும் கேரவன்களுக்கு இடம், பார்வையாளர் கழிப்பறை, இரவுக் காவலாளி என்று பட்டியல் நீளும். இவை அனைத்தும் சேர்ந்தால் சிறு அரங்குக்குக் காட்சியின் விலையையே எட்டிப் பிடிக்கும். கூடாரம் வேண்டாம், அரங்குக்குள்ளேயே ஆடுங்கள் என்று நிர்வாகிகள் சொல்வதற்கு முக்கியக் காரணம் கலை ரசனை அல்ல, இந்தப் பட்டியல்தான். மண்ணைத் தயார் செய்யும் செலவுக்கென்று அரங்குகளுக்கும் நகராட்சிகளுக்கும் தனி உதவி வந்தால் பாதி மறுப்பு காணாமல் போகும்.

கூடாரத்துக்குப் பாதுகாப்புப் பதிவேடு ஒன்று உண்டு. கூடாரம் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். துணி எளிதில் பற்றாத எம்2 தரத்தில் இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அங்கீகாரம் பெற்ற நிறுவனம் சோதிக்க வேண்டும். பதிவேட்டின் சுருக்கத்தை முன்கூட்டியே மேயருக்கு அனுப்பினால்தான் திறக்க அனுமதி. காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டினாலோ, கூரையில் அகற்ற முடியாத பனி 4 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ பார்வையாளர்களை வெளியேற்ற வேண்டும். நடைமுறையில் அதற்கு வெகு முன்பே நிறுத்துவார்கள். நிறுத்தினால் காட்சிக் காசு யாருக்கு? வானிலை காரணமாகக் காட்சி ரத்தானாலும் குழு வந்து கூடாரம் அடித்துவிட்டால் முழுத்தொகையும் தர வேண்டும் என்ற வரியை ஒப்பந்தத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்காதவர்களுக்குப் பாதிகூடக் கிடைக்காது.

அரங்குக்குள் ஆடும் குழுக்களுக்கு முளைக்குப் பதில் கொக்கி. வான் வித்தைக்கு 7, 8 மீட்டராவது உயரம் வேண்டும்; மேற்கூரையில் எந்தப் புள்ளி எத்தனை கிலோ தாங்கும் என்ற சான்று வேண்டும். ஊஞ்சலில் ஆடும் 60 கிலோ ஆளைக் கயிறு தடுத்து நிறுத்தும் நொடியில் அந்தப் புள்ளியில் பல மடங்கு பாரம் விழும். விளக்குகளுக்காகக் கட்டிய கம்பியில் அதைத் தொங்கவிட முடியாது. அரங்கின் தாள்களை விலை பேசும்போதே கேட்க வேண்டும். மூன்று வாரம் முன்பு கேட்டால் தனித் தாங்கி வாடகைக்கு எடுத்து விலையைக் குழுவே விழுங்க நேரிடும்.

காயத்தைப் பற்றி வரவு செலவுத் தாள்கள் பேசுவதே இல்லை. நாடகத்தில் ஒருவருக்கு உடம்பு முடியாவிட்டால் இன்னொருவர் வசனத்தைப் படித்துக்கொண்டு ஏறலாம். இருவர் சேர்ந்து கைக்குக் கை ஆடும் வித்தையில், ஐந்தாண்டு ஒன்றாகப் பழகிய ஒருவரின் மணிக்கட்டு சுளுக்கினால் மாற்று ஆள் இல்லை. காட்சியையே திருத்தி அமைக்க வேண்டும். அதற்கு ஐந்தாறு நாள் ஒத்திகை, ஒத்திகைக்கு இடம், எல்லோருக்கும் சம்பளம். படைப்பு உதவி முதல் காட்சியோடு முடிந்துவிட்டது. பயண உதவி கூடாரத்துக்கானது. நடுவில் விழும் இந்தச் செலவுக்கு எந்த வாய்க்காலும் இல்லை. பயண வரவு செலவில் ‘மறு ஒத்திகை’ என்று ஒரு வரி தொடக்கத்திலேயே போட்டுவிடுவது நல்லது. அதிகாரி கேள்வி கேட்பார். கேட்கட்டும், பதில் நம்மிடம் இருக்கிறது.

நடனமும் சர்க்கஸும் நாடகமும் கலந்த படைப்பென்றால் விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தை நிரப்புவது என்ற சிக்கல் வரும். எங்கள் யோசனை: எந்தத் துறை அரங்குகள் உங்களை உண்மையில் வாங்கப்போகின்றனவோ அந்தத் துறை. வித்தையின் அளவைப் பார்த்து முடிவு செய்தால், படைப்புக்குச் சர்க்கஸ் துறைத் தேர்வுக் குழுவிடம் பணம் வாங்கி, பிறகு நடன விழாக்களில் அறிமுகமே இல்லாமல் நிற்க நேரிடும்.

நாள்காட்டி கடுமையானது. அரங்குகளின் பருவம் செப்டம்பரில் தொடங்கி ஜூனில் முடியும்; அடுத்த பருவத்தை அவை குளிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும் பூட்டிவிடும். கூடாரத்துக்கு ஒன்றரை ஆண்டு முன்னதாகப் பேச்சைத் தொடங்க வேண்டும். அக்டோபரில் ஓஷ் நகரில் நடக்கும் சர்க்கஸ் விழாவுக்கும், 2015 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை மார்செய்யில் நடக்கும் சர்க்கஸ் விழாவுக்கும் நிர்வாகிகள் திரண்டு வருவது இதற்காகவே. திராக்கின் விண்ணப்பம் இலையுதிர் காலத்தில். முடிவு அடுத்த ஆண்டில். பணம் கணக்கில் விழுவது பெரும்பாலும் வசந்தத்துக்குப் பிறகு. ஜனவரியில் பயணம் தொடங்கும் குழு அதுவரை எதை வைத்துச் சம்பளம் தரும்? 1983-இல் அமைந்த ‘இஃப்சிக்’ என்ற நிதி நிறுவனம் வங்கிக் கடனுக்கு உத்தரவாதம் தருகிறது. உதவி உறுதியான கடிதத்தைக் காட்டிக் கடன் வாங்கலாம். நகராட்சி நேரடியாக நடத்தும் அரங்குகளுக்குப் பில்லை ‘கோரஸ் ப்ரோ’ என்ற அரசு இணையவாயிலில் ஏற்ற வேண்டும். ஒதுக்கீட்டு எண் இல்லாத பில் திரும்பிவிடும். 30 நாள் தவணை சரியாக ஏற்றிய நாளிலிருந்துதான் ஓடும். அந்த எண்ணைக் காட்சிக்கு முன்பே கேட்டு வாங்குவது ஒரு மாதத்து வட்டியை மிச்சப்படுத்தும்.

எல்லை தாண்டினால் தாள் கூடும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒவ்வொருவருக்கும் ‘ஏ1’ சான்று வேண்டும். இல்லாவிட்டால் சமூகப் பாதுகாப்புத் தொகையை அந்த நாட்டிலும் கேட்பார்கள். ஜெர்மனியில் வெளிநாட்டுக் கலைஞரின் வருவாயில் 15 சதவீதமும் அதன் மேல் ஒற்றுமை வரியும் சேர்த்து 15.825 சதவீதம் பிடிப்பு. விலை பேசும்போது இதை யார் கட்டுவது என்று தெளிவாக்காத குழு ஊர் திரும்பியதும் திகைக்கும். சுவிட்சர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் ஒவ்வொரு பெட்டியின் எடையும் மதிப்பும் எழுதிய ‘ஏடிஏ’ சுங்கப் புத்தகம் எடுக்க வேண்டும். போன பொருள் ஒன்று திரும்பாவிட்டால் வரி கட்ட வேண்டிவரும்.

2021 நவம்பர் 30-ஆம் தேதிச் சட்டம், பயணச் சர்க்கஸில் காட்டு விலங்குகளை 2028 டிசம்பர் முதல் முழுமையாகத் தடை செய்கிறது. விலங்கே இல்லாத சமகாலக் குழுவுக்கும் ‘சர்க்கஸ்’ என்ற சொல்லைப் பார்த்ததும் மைதானம் இல்லை என்று பதில் எழுதும் நகராட்சிகள் உண்டு. முதல் கடிதத்தின் முதல் வரியிலேயே விலங்கு இல்லை என்று எழுதிவிட வேண்டியிருக்கிறது.

பணம் சுருங்கிக்கொண்டு வருகிறது. 2024 டிசம்பரில் பே த லா லுவார் மண்டலம் தன் 2025 வரவு செலவில் பண்பாட்டு உதவியைப் பெருமளவு வெட்டியது. மற்ற மண்டலங்களிலும் அதே பயம். ‘நன்றாகத் தயாரிப்போம், நன்றாகப் பரப்புவோம்’ என்ற பெயரில் அமைச்சகம் கொண்டுவந்த திட்டம், படைப்புகளைக் குறைத்து ஒவ்வொன்றையும் அதிகம் நிகழ்த்தச் சொல்கிறது. திசை சரி என்றே நினைக்கிறோம். ஆனால் காட்சி எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாக வைத்தால் சின்ன ஊருக்குப் போகும் கூடாரம் தோற்றுவிடும்; பெரிய நகரத்தில் ஒரே கொக்கியில் பதினைந்து நாள் தொங்கும் காட்சி ஜெயிக்கும். அதிகாரிகளின் கையில் இருக்கும் தாளில் காட்சிக்கு ஒரு கட்டம் இருக்கிறது, பார்வையாளருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. முளை அடித்த நாளுக்குக் கட்டம் இல்லை.

அதை நாமே நிரப்பலாம். பெரும்பாலான குழுக்கள் 1901-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிந்த சங்கங்கள். உதவி கேட்பது 12156 எண் படிவத்தில். செலவழித்த விவரம் தருவது 15059 எண் படிவத்தில், நிதியாண்டு முடிந்து 6 மாதத்துக்குள். இரண்டாவதில் விளக்கம் எழுத இடம் உண்டு. ‘பயணம் நன்றாக நடந்தது’ என்று அதை வீணாக்காதீர்கள். ஊர்வாரியாக நான்கு எண்கள் எழுதுங்கள்: எத்தனை நாள் ஓட்டம், எத்தனை நாள் அடிக்கவும் பிரிக்கவும், எத்தனை நாள் காற்றுக்கும் மழைக்கும் நின்றது, எத்தனை நாள் காட்சி. கீழே மொத்த ஆள்-நாளைக் காட்சி எண்ணிக்கையால் வகுத்து வந்ததை எழுதுங்கள். மூன்று ஆண்டுத் தாள்களை அடுத்தடுத்து வைத்தால், எந்த ஊர்களை ஒரே வாரத்தில் சேர்த்திருக்க வேண்டும் என்பது படிப்பவர் கண்ணில் படும். அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்குப் போகும்போது அந்த மூன்று தாள்களையும் கையோடு கொண்டுபோங்கள்.